நூறாண்டு தாங்கும் கோப்பு

1990-களின் கடைசியில் கணினியில் தமிழ் தட்டச்சு செய்தவர்களிடம் ஒரு பழைய கோப்பாவது இருக்கும். சிறுகதையோ, கல்யாணப் பத்திரிகையோ, ஊர்க் கோயில் திருப்பணிக் கணக்கோ எதுவாகவும் இருக்கலாம். பாமினி எழுத்துருவில் அடித்த அந்தக் கோப்பை இன்றைய கணினியில் திறந்தால் திரையில் தமிழே தெரியாது. ‘தமிழ்’ என்று அடித்த இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் அவற்றுக்குப் பின்னால் ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிட்டவர்கள் பலர். ஆனால் அது கெடவே இல்லை. எழுதிய நாளில் இருந்த பைட்டுகள் ஒன்று குறையாமல் அப்படியே இருக்கின்றன.

இதற்கு நேர் எதிரான அனுபவமும் நமக்கு உண்டு. 2005 வாக்கில் ஸ்டூடியோவில் சிடியில் எழுதி வாங்கிய கல்யாணப் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவை ஜேபெக் படங்கள். இன்றைக்கு எந்தக் கைபேசியும் அவற்றைத் திறக்கும். ஆனால் சிடியை டிரைவில் போட்டால் அது சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, படிக்க முடியவில்லை என்று சொல்லி நிற்கிறது.

முதல் கோப்பில் பைட்டுகள் இருக்கின்றன, படிக்கும் முறை போய்விட்டது. இரண்டாவதில் படிக்கும் முறை இருக்கிறது, பைட்டுகள் போய்விட்டன. கணினிக் கோப்பு சாவது இந்த இரண்டு வழிகளில்தான். இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டு ‘எதில் போட்டு வைத்தால் அழியாது?’ என்று ஒரே கேள்வியாகக் கேட்பதால்தான் தவறான விடை கிடைக்கிறது.

முதலில் பைட்டுகளைப் பார்ப்போம். பைட் என்பது எட்டு பிட்டுகள். பிட் என்பது ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்று. இந்த ஆம்–இல்லையை ஏதாவதொரு பருப்பொருளில் பதித்தாக வேண்டும். ஹார்ட் டிஸ்க்கில் அது நுண்ணிய காந்தப் புள்ளி ஒன்றின் திசை. பென் டிரைவிலும் எஸ்எஸ்டியிலும் அது ஒரு நுண்ணறைக்குள் அடைபட்ட மின்னூட்டம். வீட்டிலோ ஸ்டூடியோவிலோ எழுதும் சிடியில் அது ஒரு சாயப் படலத்தில் லேசர் உண்டாக்கிய மாற்றம்.

கடையில் விற்ற சினிமாப் பாட்டு சிடியும், நாம் எழுதும் சிடியும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். பாட்டு சிடியில் குழிகள் பிளாஸ்டிக்கிலேயே அழுத்திப் பதிக்கப்பட்டவை. மேலே ஒரு அலுமினியப் பூச்சு. எழுதும் சிடியிலோ ஒளிபட்டால் மாறும் கரிமச் சாயம். லேசர் ஒளிக்கு மாறும் சாயம் வெயிலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மாறத்தானே செய்யும்? ஜன்னலோர அலமாரியில் கிடந்த சிடி சீக்கிரம் போவதற்குக் காரணம் இதுதான்.

பென் டிரைவை பேங்க் லாக்கரில் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அறைக்குள் அடைத்த மின்னூட்டம் காலப்போக்கில் கசியும். வெப்பம் கூடினால் வேகமாகக் கசியும். அடிக்கடி அழித்து எழுதித் தேய்ந்த அறை இன்னும் வேகமாகக் கசியும். எஸ்எஸ்டிகளுக்கான தரநிலை ஒன்று உண்டு. சாதாரணப் பயனருக்கான எஸ்எஸ்டி, எழுதும் ஆயுளை முழுக்கத் தீர்த்த நிலையில், மின்சாரமே இல்லாமல், 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தரவைக் காத்தால் போதும் என்கிறது அது. புதியது இதைவிடப் பல மடங்கு தாங்கும் என்பது உண்மைதான். ஆனாலும் பேரனுக்காக எடுத்து வைக்கும் பொருள் அதுவல்ல.

ஹார்ட் டிஸ்க்கில் காந்தப் பதிவு நன்றாகவே நிற்கும். அதைச் சுற்றியுள்ள மோட்டாரும், தட்டின்மேல் மயிரிழை இடைவெளியில் மிதக்கும் தலைகளும்தான் அதன் பலவீனம். அமெரிக்காவின் பேக்பிளேஸ் நிறுவனம் லட்சக்கணக்கான ஹார்ட் டிஸ்க்குகளை ஓட்டுகிறது. அவற்றில் எத்தனை செத்தன என்ற கணக்கைத் தொடர்ந்து வெளியிட்டும் வருகிறது. ஆண்டுக்கு நூற்றில் ஒன்று, சில சமயம் அதற்குச் சற்று மேல். ஒரே ஒரு டிஸ்க்கில் எல்லாவற்றையும் வைத்திருப்பவருக்கு அந்த ஒன்று தன்னுடையதாக அமைந்துவிட்டால் அதோடு முடிந்தது.

பெரிய ஆவணக் காப்பகங்களும் தரவு மையங்களும் இன்றும் காந்த நாடாவை நம்புகின்றன. 2000-இல் வந்த எல்டிஓ என்ற வகை நாடா தலைமுறை தலைமுறையாக வளர்ந்து, ஒன்பதாம் தலைமுறையில் ஒரே நாடாவில் 18 டெராபைட் கொள்கிறது. 30 ஆண்டு வரை இருக்கும் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். இருக்கலாம். ஆனால் ஒன்பதாம் தலைமுறை டிரைவ், எட்டாம், ஒன்பதாம் தலைமுறை நாடாக்களை மட்டுமே படிக்கும். நாலாம் தலைமுறை நாடா நன்றாகவே இருந்தாலும் அதைப் படிக்கப் பழைய டிரைவைத் தேடி அலைய வேண்டும். ஊடகத்தின் ஆயுள், படிக்கும் கருவியின் ஆயுள் ஆகிய இரண்டில் எது குறைவோ அதுதான் கோப்பின் ஆயுள்.

இதை நிலா ஆய்வில் நடந்த ஒரு சம்பவம் நன்றாகக் காட்டுகிறது. 1966, 1967-இல் நாசா ஐந்து ‘லூனார் ஆர்பிட்டர்’ விண்கலங்களை அனுப்பி, அப்பல்லோ எங்கே இறங்கலாம் என்று பார்க்க நிலாவைப் படம் எடுத்தது. வந்த சமிக்ஞைகள் சுமார் 1,500 பெரிய நாடாக்களில் பதிவாயின. அவற்றைக் காப்பாற்றியவர் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் ஆவணப் பொறுப்பில் இருந்த நான்சி எவன்ஸ். நாடாக்களை அழிய விடாமல் பார்த்துக்கொண்டார். அதோடு, ஆம்பெக்ஸ் எஃப்ஆர்-900 என்ற அரிய வகை நாடாக் கருவிகள் வேண்டாதவையாகக் கழிக்கப்பட்டபோது, ஆளுயர அந்த இயந்திரங்களை வாங்கித் தன் வீட்டு கராஜில் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தார். 2008-இல் டென்னிஸ் விங்கோவும் கீத் கௌயிங்கும் அவற்றை நாசாவின் ஏம்ஸ் மையத்தில், மூடிக் கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் கடைக் கட்டடத்துக்குக் கொண்டுவந்து பழுதுபார்த்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில், நிலாவின் விளிம்புக்கு மேலே பூமி தெரியும் 1966 ஆகஸ்ட் 23-ஆம் தேதிப் படம், அதுவரை யாரும் பார்த்திராத தெளிவோடு வெளியானது. கருவிகளைக் கழிவாகப் போட்டிருந்தால் அந்த 1,500 நாடாக்களும் வெறும் பிளாஸ்டிக் சுருள்கள்தான். அப்பல்லோ 11-இன் மூல ஒளிபரப்புப் பதிவுகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நாடாத் தட்டுப்பாட்டுக் காலத்தில் அவை அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று 2009-இல் நாசாவே அறிவித்தது.

‘100 ஆண்டு உத்தரவாதம்’ என்று சிடி உறையில் அச்சிடுகிறார்களே, அது எப்படித் தெரியும்? எழுதக்கூடிய சிடி பிறந்தே இன்னும் 40 ஆண்டு ஆகவில்லை. இதற்கு விரைவு முதுமைச் சோதனை என்று ஒரு முறை இருக்கிறது. சிடிகளை ஓர் அறைக்குள் வைத்து, 85 டிகிரி செல்சியஸ் போன்ற கடும் வெப்பத்திலும் மிகுந்த ஈரப்பதத்திலும் வாரக்கணக்கில் வாட்டுவார்கள். அவ்வப்போது எடுத்துப் பிழைகளை எண்ணுவார்கள். வெவ்வேறு வெப்பநிலைகளில் இதைச் செய்தால், வெப்பம் குறையக் குறைய ஆயுள் எப்படிக் கூடுகிறது என்று தெரியும்; அதே போக்கில் நீட்டி 25 டிகிரிக்குக் கணக்குப் போடுவார்கள். வேதிவினைகளின் வேகம் வெப்பத்தோடு எப்படி மாறும் என்பது நன்கு அறிந்த விஷயம் என்பதால், இது நியாயமான முறைதான். ஆனால் 85 டிகிரியில் நடக்கும் வினையேதான் நம் அலமாரியிலும் நடக்கும் என்ற அனுமானம் இதற்குள் இருக்கிறது. மேலே ஒட்டிய லேபிளின் பசையும், பூஞ்சையும், கீறலும் இந்தக் கணக்கில் வராது. உறையில் இருக்கும் நூறு என்பது கணித்துச் சொன்ன எண். யாரும் இருந்து பார்த்துச் சொன்னதல்ல.

இன்னொரு சிக்கல், எண்ணாகப் பதிந்தவற்றுக்கே உரியது. காகிதப் புகைப்படம் மங்கும்போது நமக்குத் தெரியும். கொஞ்சம் மஞ்சளானதும் எடுத்துப் பத்திரப்படுத்துவோம். சிடி அப்படி எச்சரிக்காது. 1960-இல் இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இரு கணித அறிஞர்கள் கண்ட பிழைதிருத்தக் குறியீடு சிடிக்குள் வேலை செய்கிறது. தரவோடு சேர்த்துக் கூடுதல் எண்களையும் எழுதி வைப்பதால், நடுவில் சில காணாமல் போனாலும் மீதியிலிருந்து அவற்றைக் கணக்கிட்டு எடுத்துவிடலாம். தொடர்ச்சியாகச் சுமார் 4,000 பிட்டுகள் போனாலும், அதாவது தடத்தில் இரண்டரை மில்லிமீட்டர் நீளம் கெட்டாலும், பாட்டு பிசிறில்லாமல் ஒலிக்கும். அருமையான ஏற்பாடு. ஆனால் உள்ளே அழுகல் நடப்பதை அதுவே மறைத்தும் விடுகிறது. திருத்தும் சக்தி தீரும்வரை எல்லாம் சரியாக இருக்கும். தீர்ந்த மறுநாள் ஒன்றும் திறக்காது.

ஆகவே நாமாகத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான கோப்புகளைத் திறந்து கண்ணால் பார்க்க முடியுமா? மொய் நோட்டு எழுதுபவர் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகை போட்டு வைப்பார். பின்னால் யாராவது 500-ஐ 800 ஆக்கினால், மறுபடி கூட்டும்போது கணக்கு உதைக்கும். கோப்புக்கும் அப்படி ஒரு சரிபார்ப்பு எண் போடலாம். எஸ்ஹெச்ஏ-256 என்ற முறை, கோப்பு எவ்வளவு பெரிதானாலும் அதன் எல்லா பைட்டுகளையும் கலக்கி 64 எழுத்துகள் கொண்ட ஒரு குறியைத் தருகிறது. மொய்க் கணக்கில் ஒரு இடத்தில் கூட்டி இன்னொரு இடத்தில் குறைத்தால் மொத்தம் மாறாமல் போகலாம். இதில் அது நடக்காது. ஒரே ஒரு பிட் மாறினாலும் குறி அடையாளம் தெரியாமல் மாறிவிடும். குறியை இன்று எழுதி வைத்து, அடுத்த ஆண்டு மறுபடி கணக்கிட்டு ஒப்பிட்டால் போதும். இதைச் செய்யும் இலவச நிரல்கள் எல்லாக் கணினிக்கும் உண்டு.

சரிபார்ப்பு எண் கேட்டைக் காட்டுமே தவிர, சரிசெய்யாது. சரிசெய்ய இன்னொரு நகல் வேண்டும். நகல்களின் எண்ணிக்கையைவிட, ஒரே காரணத்தால் எல்லாம் சேர்ந்து போகாமல் இருப்பது முக்கியம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் தரைத்தள வீடுகளில், கணினியும் அதன் பக்கத்திலேயே இருந்த நகல் டிஸ்க்கும் ஒரே தண்ணீரில்தான் மூழ்கின. வெள்ளம் மட்டுமல்ல, நிரலில் உள்ள பிழையும் இதையே செய்யும். 2011 பிப்ரவரியில் கூகுளின் ஜிமெயிலில் ஒரு மென்பொருள் பிழை, பயனர்களில் 0.02 சதவீதம் பேரின் அஞ்சல்களை அழித்துவிட்டது. பல தரவு மையங்களில் நகல் இருந்தும் பயனில்லை. பிழை எல்லா நகல்களையும் தொட்டுவிட்டது. கணினியோடு இணைப்பே இல்லாமல் தனியே கிடந்த காந்த நாடாக்களிலிருந்துதான் அவற்றை மீட்டார்கள். மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில் என்று பீட்டர் குரோ என்ற புகைப்படக் கலைஞர் பரப்பிய விதி, இந்தக் காரணத்தால்தான் இன்றும் நிற்கிறது. இதைவிட நல்ல விதியை நான் பார்த்ததில்லை.

வேறிடத்தில் நகல் இல்லாததற்கு நாம் மிகப் பெரிய விலை கொடுத்திருக்கிறோம். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. வேறெங்கும் நகல் இல்லாதவையும் அவற்றில் இருந்தன. 2005 முதல் நூலகம் நிறுவனம் இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி எல்லோருக்கும் திறந்து வைத்துவரும் வேலையின் அருமை அதை நினைத்தால் புரியும்.

இனி மற்றொரு சாவுக்கு, படிக்கும் முறை போய்விடுவதற்கு வருவோம். பைட்டுகள் எல்லாம் பத்திரமாக இருந்தாலும், ஒரு பைட் என்பது 0 முதல் 255 வரையிலான ஓர் எண் மட்டுமே. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பது கோப்புக்கு வெளியே, மனிதர்கள் செய்துகொண்ட உடன்பாட்டில் இருக்கிறது. பாமினிக் கோப்பில் ‘தமிழ்’ என்பது 106, 107, 112, 111, 59 என்ற ஐந்து எண்கள். உலகத்தின் பார்வையில் 106 என்பது ஆங்கில ஜே. பாமினி எழுத்துரு அந்த இடத்தில் ‘த’ என்ற படத்தை வரைந்து வைத்தது, அவ்வளவுதான். எழுத்துரு போனால் ‘த’வும் போய்விடும். இதே சொல் யூனிகோடில் 2980, 2990, 3007, 2996, 3021. இந்த 2980 உலகத்தின் எந்தக் கணினியிலும் ‘த’தான், வேறெந்த எழுத்துக்கும் அதில் பங்கில்லை. ஒரு முறை ஒதுக்கிய எண்ணை நகர்த்துவதோ திரும்பப் பெறுவதோ இல்லை என்பது யூனிகோடின் உறுதியான கொள்கை. நீண்ட காலப் பாதுகாப்புக்கு நமக்கு வேண்டியது இந்த மாதிரி வாக்குறுதிதான்.

யூனிகோடுக்குத் தமிழ் ஒரே நாளில் வரவில்லை. ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று தனக்கென ஒரு குறியாக்கம் வைத்திருந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற இரண்டு பொதுக் குறியாக்கங்கள் வந்தன. இணையத் தமிழர்கள் கூடி உருவாக்கிய டிஸ்கி தனியே ஓடியது. 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் இலக்கியக் கோப்புகளை டிஸ்கியில் வெளியிட்டு, பின்னர் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டது. அந்த நூல்கள் இன்றும் கைபேசியில் திறப்பதற்குக் காரணம், வடிவம் மாறிய போதெல்லாம் உட்கார்ந்து மாற்றிய தன்னார்வலர்களின் உழைப்பு.

நல்ல வடிவத்தை எப்படி அடையாளம் காண்பது? அதன் இலக்கணம் முழுக்க வெளியிடப்பட்டிருக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் ஒரே மென்பொருளை நம்பியிருக்கக் கூடாது. தனக்கு வேண்டியதைத் தன்னுள்ளேயே வைத்திருக்க வேண்டும். பூட்டுப் போட்டிருக்கக் கூடாது. எளிய எழுத்துக் கோப்பு, அதுவும் யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில், இந்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் தேறும். பக்க அமைப்பும் வேண்டுமென்றால் பிடிஎஃப்-ஏ. 2005-இல் பன்னாட்டுத் தரநிலையான இது, எழுத்துருக்களைக் கோப்புக்குள்ளேயே பொதித்தாக வேண்டும் என்கிறது. கடவுச்சொல் பூட்டைத் தடை செய்கிறது. ஆனால் பாமினியில் அடித்ததை அப்படியே பிடிஎஃப் ஆக்கினால் கண்ணுக்குத் தமிழ் தெரியும், தேடினால் ஒரு சொல்லும் அகப்படாது. உள்ளே இருப்பது இன்னும் அந்த 106, 107-தான்.

படங்களில் ஒரு சோதனையை யாரும் வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரே படத்தைச் சுருக்காத டிஃப் கோப்பாகவும் ஜேபெக் கோப்பாகவும் வைத்துக்கொண்டு, நகலெடுத்து, இரண்டிலும் நடுவில் ஒரே ஒரு பைட்டை மட்டும் மாற்றுங்கள். டிஃபில் ஒரு புள்ளியின் நிறம் மாறும்; தேடினாலும் கிடைக்காது. ஜேபெக்கில் பெரும்பாலும் அந்த இடத்திலிருந்து கீழே முழுக்க நிறம் பிசகி, கட்டம் கட்டமாக இடம் தள்ளிப் போயிருக்கும். ஜேபெக் சுருக்குவதற்காகக் குறிகளை வெவ்வேறு நீளத்தில் எழுதுகிறது. ஒன்று முடிந்த இடம் தெரிந்தால்தான் அடுத்தது தொடங்கும் இடம் தெரியும். ஒவ்வொரு கட்டத்தின் வெளிச்சத்தையும் முந்தைய கட்டத்திலிருந்து எவ்வளவு வேறுபாடு என்றே குறிக்கிறது. முதலில் விழுந்த பிழை கடைசிவரை தொடர்வதற்கு இதுவே காரணம். 1.2 கோடிப் புள்ளிகள் உள்ள படம் டிஃபில் 36 மெகாபைட் இடம் கேட்கும்; ஜேபெக்கில் அதில் ஒரு சிறு பங்குதான். இடத்தை மிச்சப்படுத்தினால் சேதம் தாங்கும் சக்தி குறைகிறது.

சுவடியோ பழைய புகைப்படமோ புதிதாக ஸ்கேன் செய்கிறீர்கள் என்றால் டிஃப் அல்லது பிஎன்ஜி வையுங்கள். கைபேசி ஏற்கனவே ஜேபெக்காக எடுத்த படத்தை டிஃப் ஆக்குவதால் இழந்த நுணுக்கம் திரும்பாது. அதை அப்படியே வைத்து நகல்களைக் கூட்டுவதே மேல். பாட்டியின் குரலை, தாலாட்டை, கூத்தைப் பதிவு செய்பவர்கள் எம்பி3-யோடு நிற்காமல் வேவ் அல்லது ஃப்ளாக் வடிவில் ஒரு மூலத்தை வைத்துக்கொள்ள வேண்டும். ஃப்ளாக் ஒலியை இழப்பின்றிச் சுருக்குகிறது. தனக்கான சரிபார்ப்பு எண்ணையும் உள்ளேயே கொண்டிருக்கிறது.

வடிவம் நல்லதாக இருந்தும் விளக்கம் இல்லாமல் போவதும் உண்டு. 1976-இல் வைக்கிங் கலங்கள் செவ்வாய் மண்ணில் உயிரைத் தேடிய சோதனைகளின் தரவை, 1999-இல் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜோசப் மில்லர் நாசாவிடம் கேட்டார். தரவு கிடைத்தது, அது எந்த ஒழுங்கில் எழுதப்பட்டது என்று சொல்ல ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் அந்தக் காலத்தில் அச்சிட்டு வைத்திருந்த தாள்களிலிருந்துதான் ஒரு பகுதியை மீட்டார்கள். நம் கைபேசிப் படங்களுக்கும் இதே கதிதான். எண் மட்டும் பெயராக உள்ள ஒரு படத்தில் நிற்பவர் பெரியப்பாவா, அவருடைய நண்பரா என்று 40 ஆண்டு கழித்து எந்த மென்பொருளும் சொல்லாது. கோப்புறைக்குள் ஓர் எளிய எழுத்துக் கோப்பைத் திறந்து யார், எங்கே, எப்போது என்று நாலு வரி எழுதி வைப்பது, விலை உயர்ந்த டிஸ்க் வாங்குவதைவிடப் பெரிய பாதுகாப்பு.

இன்றைய நிலையில் ஒரு குடும்பத்துக்கு நான் சொல்வது இதுதான்: வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள், அவற்றில் ஒன்று வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில், மூன்றாவது நகல் ஏதாவதொரு மேகச் சேமிப்பில். ஆண்டுக்கொரு முறை, ஒரு குறிப்பிட்ட நாளில், சரிபார்ப்பு. ஐந்தாறு ஆண்டுக்கொரு முறை புது டிஸ்க்குக்கு மாற்றம். எல்டிஓ நாடா நல்லதுதான்; ஆனால் டிரைவின் விலை லட்சங்களில் இருப்பதால் அது நிறுவனங்களுக்கே கட்டுப்படியாகும்.

கடைசியாக, சிற்றிதழ் நடத்தியவர்களுக்கும் டிடிபி சென்டர் வைத்திருந்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கால் நூற்றாண்டுக்கு முன் கணினியில் அச்சுக்கோத்த தமிழ் இதழ்களும் நூல்களும் பல பேஜ்மேக்கர் கோப்புகளாகத்தான் இருக்கின்றன. அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது; இன்றைய பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன் அந்தக் கோப்புகளைத் திறக்காது. உங்களிடம் அந்தப் பழைய கணினி இன்னும் ஓடுகிறதென்றால், அது நிற்பதற்குள் கோப்புகளைத் திறந்து பிடிஎஃப் ஆக்குங்கள். எழுத்துகளைத் தனியே எடுத்து யூனிகோடுக்கு மாற்றுங்கள். பயன்படுத்திய எழுத்துருவின் கோப்பையும் கூடவே வையுங்கள், மூலத்தை அழிக்காதீர்கள். ஒரு நகலை அருகிலுள்ள ஆய்வு நூலகத்துக்கோ எண்ணிம நூலகத்துக்கோ கொடுங்கள்.